நால்வர் ஓட்டத்தில் ஒரு குதிகால்

தனியாக ஓடும் பந்தயத்தில் காலில் வலி கண்டால் ஓரமாக நின்றுவிடலாம். சட்டையில் குத்திய எண்ணைக் கழற்றிவிட்டு, ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அஞ்சல் ஓட்டத்தில் அது முடியாது. அடுத்த நிலையில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். அவருக்காக இன்னொருவர் காத்திருப்பார். நடுவில் ஒருவர் நின்றால் அத்தனை பேரின் பந்தயமும் அங்கேயே முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் வார இறுதிகளில் கூடி ஓடும் கழகங்கள் இப்போது பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. அலுவலக நண்பர்கள், தேசிய சேவை முடித்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடத் தொடங்கிய தாய்மார்கள் என எல்லாரும் அவற்றில் உண்டு. இக்கழகங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: காயத்திலிருந்து இன்னும் முழுதாக மீளாத ஒருவர், அணிக்காக ஓடலாமா?

"சமாளித்துவிடலாம்" என்பது ஒரு பதில். "வேண்டவே வேண்டாம், வீட்டில் இரு" என்பது இன்னொரு பதில். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கடந்த அக்டோபரில் இடது குதிகால் நாணில் காயம்பட்டு, இவ்வாண்டு ஜூலையில் எங்கள் கழகத்தின் அஞ்சல் ஓட்டத்தில் ஓடியபோது நான் தெரிந்துகொண்ட அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தபால் கொண்டுபோனவர்களின் ஓட்டம்

பள்ளி விளையாட்டு விழாவில் கோலைக் கைமாற்றி ஓடிய நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். திடலில் ஓடும் அந்த அஞ்சல் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கழகங்கள் விரும்பி ஓடுவது சாலையிலும் பூங்காவிலும் நடக்கும் நெடுந்தொலைவு அஞ்சல் ஓட்டத்தை. ஜப்பானியர்கள் இதை 'எகிடென்' என்கிறார்கள். பழங்காலத்தில் செய்தி கொண்டு ஓடியவர்கள் ஆள் மாறிய நிலையங்களிலிருந்து வந்த சொல் அது. தமிழில் நாம் 'அஞ்சல்' என்று சொல்வதும் அதே கருத்துத்தான். திருவாங்கூர் சமஸ்தானத்தில் மணி கட்டிய கோலுடன் தபால் பை சுமந்து ஓடியவர்களுக்கு அஞ்சல் ஓட்டக்காரர்கள் என்றே பெயர்.

முதல் எகிடென் 1917ல் கியோத்தோவிலிருந்து தோக்கியோவுக்கு நடந்தது. சுமார் 500 கிலோமீட்டரை மூன்று நாள்களில் ஓடி முடித்தார்கள். 1920ல் தொடங்கிய 'ஹக்கோனே எகிடென்' இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3 ஆகிய நாள்களில் நடக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஏறத்தாழ 217 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். கோலுக்குப் பதிலாக 'தசுகி' என்னும் துணிப்பட்டையைத் தோளின் குறுக்கே அணிந்து ஓடி, அடுத்தவரிடம் கழற்றிக் கொடுப்பார்கள். முதல் ஆளின் வியர்வையிலிருந்து கடைசி ஆளின் வியர்வை வரை அந்தப் பட்டையில் ஊறும். முன்னணி அணியைவிடக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பின்தங்கினால், அடுத்த ஓட்டக்காரர் பட்டைக்காகக் காத்திருக்காமல் ஓடத் தொடங்கிவிட வேண்டும். சில அடி தூரத்தில் பட்டையுடன் ஓடி வருபவர், ஆளில்லாத நிலையத்தைப் பார்த்து அழுவதை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் காணலாம்.

எங்கள் கழகத்தின் ஓட்டம் அவ்வளவு பெரிதல்ல. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பாதை 4.3 கிலோமீட்டர். நான்கு பேர் கொண்ட அணி ஐந்து சுற்று ஓட வேண்டும். மூவருக்கு ஆளுக்கு ஒரு சுற்று, ஒருவருக்கு மட்டும் இரண்டு சுற்று. மொத்தம் 21.5 கிலோமீட்டர், அரை மாரத்தானைவிடக் கொஞ்சம் கூடுதல். தேக்காவில் வாங்கிய மஞ்சள் பருத்தித் துணியில், எங்கள் அணித் தலைவரின் மனைவி தைத்துக் கொடுத்த பட்டைதான் எங்கள் 'தசுகி'.

கடந்த ஆண்டு இரண்டு சுற்றும் ஓடியவள் நான். இவ்வாண்டும் என் பெயருக்கு நேரே அதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

குதிகால் நாண் எப்படி வேலை செய்கிறது

கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் தடித்த நாண், உடலிலேயே மிக வலுவானது. ஒவ்வோர் அடியிலும் அது ரப்பர் பட்டைபோல் இழுபட்டு, சேமித்த விசையைத் திருப்பித் தந்து நம்மை முன்னே தள்ளுகிறது. ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு விசையை அது தாங்க வேண்டியிருக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஆயிரம் அடி எடுத்துவைக்கிறோம் என்றால், ஒவ்வொரு காலின் நாணும் சுமார் 500 முறை அந்தச் சுமையைத் தாங்குகிறது.

அத்தனை வலுவான நாணுக்கு ஒரு குறை உண்டு. தசைக்குக் கிடைக்கும் அளவு ரத்த ஓட்டம் அதற்குக் கிடைப்பதில்லை. குதிகாலுக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் பகுதிக்கு இன்னும் குறைவு. தசையில் பிடிப்பு ஏற்பட்டால் சில வாரங்களில் ஆறிவிடும். நாண் ஆற மாதங்கள் ஆகும்.

மாரத்தான் பயிற்சியின் உச்சத்தில் எனக்கு வலி தொடங்கியது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகளில் கால் மரக்கட்டைபோல் இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் தளர்ந்துவிடும். ஓடத் தொடங்கியதும் குத்தும், பிறகு மறையும், மறுநாள் காலையில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். குதிகால் நாண் பாதிப்புக்கு இவைதான் பாடப்புத்தக அடையாளங்கள்.

வீட்டில் அம்மா முதலில் தைலத்தை எடுத்தார். அடுத்த நாள் மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பற்றுப் போட்டார். மூன்றாம் நாள், "காலை வச்சு விளையாடாத. அப்பா பட்டது போதாதா?" என்றார். நீரிழிவால் அப்பாவின் பாதத்தில் வந்த புண் ஆறாமல் எங்கள் குடும்பம் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. கால் என்றாலே எங்கள் வீட்டில் குரல் மாறிவிடும்.

ஓய்வு மட்டும் போதாது

பிசியோதெரபிஸ்ட்டிடம் போனபோது, ஆறு வாரம் காலை நீட்டிப் படுத்திருக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிக்கட்டைக் காட்டினார்.

நாண் பாதிப்பில் முழு ஓய்வு வலியைக் குறைக்கும். ஆனால், சுமை இல்லாத நாண் மேலும் பலவீனமாகிவிடும். ஓய்வெடுத்து வலி போனதும் பழையபடி ஓடுவது, மீண்டும் வலிப்பது, மீண்டும் ஓய்வெடுப்பது என்று பலர் ஆண்டுக்கணக்கில் சுற்றுவது இதனால்தான். நாணுக்கு வேண்டியது அளவான சுமை.

இந்த எண்ணம் பரவலானதில் சுவீடனின் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கே குதிகால் நாணில் தீராத வலி. அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டபோது அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நாண் மேலும் கெட்டால் அறுவை சிகிச்சை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலியைப் பொருட்படுத்தாமல் குதிகாலுக்குக் கடும் பயிற்சி கொடுத்தார். கெடுவதற்குப் பதிலாகக் கால் குணமாகிவிட்டது. விளையாட்டு மருத்துவ உலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படும் கதை இது. 1998ல் அவரும் சகாக்களும் 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் இந்தப் பயிற்சியை 12 வாரம் சோதித்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை முறையையே மாற்றியது.

பயிற்சி எளிமையானது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும். இரண்டு கால்களாலும் மேலே எழும்பி, காயமுள்ள காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 முறை, மூன்று தடவை. முழங்காலைச் சற்று மடக்கியபடி இன்னொரு மூன்று தடவை. காலையும் மாலையும் செய்தால் நாளுக்கு 180 முறை. இப்போது பல பிசியோதெரபிஸ்ட்டுகள் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில், கூடுதல் எடையுடன், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யச் சொல்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்: மெதுவாக, பாரத்துடன், மாதக்கணக்கில்.

எங்கள் புளோக்கின் படிக்கட்டுதான் என் உடற்பயிற்சிக்கூடம். எடை கூட்டச் சொன்னபோது, முதுகுப்பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டேன். மின்தூக்கிக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி, மூன்றாம் மாதத்தில், "இன்னும் மேலே போகவில்லையா?" என்று கேட்டார்.

வலிக்கு ஓர் அளவுகோல்

ஓட்டத்துக்குத் திரும்பும்போது எல்லாருக்கும் வரும் குழப்பம், எவ்வளவு வலி வரை பொறுக்கலாம் என்பது. இதற்கும் சுவீடனில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று கைகொடுக்கிறது. கரின் சில்பர்நாகலும் சகாக்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வில் குதிகால் நாண் பாதிப்புள்ள 38 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் முதல் ஆறு வாரம் ஓடாமல் குதிக்காமல் பயிற்சி மட்டும் செய்தார்கள். மறு பிரிவினர் வலியை அளந்துகொண்டே ஓட்டத்தையும் தொடர்ந்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்னேறினார்கள். விதிமுறையைக் கடைப்பிடித்தால், ஓடுவதால் குணமாவது தடைபடவில்லை.

அந்த விதிமுறை இதுதான். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. ஓடும்போது 5 வரை போகலாம். ஓடி முடித்த பிறகும் 5ஐத் தாண்டக்கூடாது. மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் காலை நேர இறுக்கமும் கூடக்கூடாது.

இதில் முக்கியமானது மறுநாள் காலை. நாண் உடனே புகார் சொல்வதில்லை. சுமை ஏறிய முதல் ஒரு நாளுக்கு மேல், அதில் தேய்மானமே மிகுந்திருக்கும். அதன் பிறகுதான் கட்டுமானம் மேலோங்கும். அதனால் ஓடிய நாளுக்கு அடுத்த நாள் ஓடாமலிருப்பது நல்லது. படுக்கையிலிருந்து குளியலறைவரை பதினோர் அடி. அந்தப் பதினோர் அடியில் வலி எத்தனை என்று தினமும் நாள்காட்டியில் எழுதி வந்தேன். பிப்ரவரியில் 4. மார்ச்சில் 3. ஏப்ரல் கடைசியில் 1 அல்லது 2.

ஓட்டமும் அதே வேகத்தில்தான் திரும்பியது. முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. பிறகு இரண்டுக்கு இரண்டு. பிறகு நான்குக்கு ஒன்று. மே மாத நடுவில்தான் நிற்காமல் 15 நிமிடம் ஓட முடிந்தது. முன்பு மாரத்தானுக்குப் பயிற்சி செய்த ஆளுக்கு, பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு நிமிடம் ஓடிவிட்டு நடப்பது கூச்சமாக இருக்கும். கழகச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகாமல் இருந்தால் அந்தக் கூச்சம் பாதி குறையும்.

தேசிய அளவில் ஓடுபவர்களுக்கும் இது பொருந்தும். 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்று, 1974க்குப் பிறகு சிங்கப்பூருக்கு முதல் திடல்தடத் தங்கத்தைக் கொண்டுவந்தவர் சாந்தி பெரேரா. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு முந்தைய மாதங்களில் காலெலும்பில் ஏற்பட்ட காயம் அவரது பயிற்சியைத் தடுத்தது. பாரிசில் அவர் முந்தைய ஆண்டின் வேகத்தை எட்டவில்லை. 2025ல் தென்கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். மீண்டும் அந்த இடத்துக்கு வர அவருக்கே ஓராண்டு பிடித்தது.

அணி கேட்கும் கேள்வி

ஜூன் முதல் வாரத்தில் அணித் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. 61 வயதான அவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். "கால் எப்படிம்மா? பெயர் கொடுக்க இன்னும் பத்து நாள்தான்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது படிக்கட்டுப் பயிற்சியைவிடக் கடினம். முடியும் என்று சொல்லிவிட்டு நடுவழியில் நின்றால் மற்ற மூவரின் ஐந்து மாத உழைப்பு வீண். முடியாது என்று சொன்னால், எட்டு மாதமாக எதற்காகப் படியேறி இறங்கினோம் என்று மனம் கேட்கும். கடைசி நாள் வரை பதில் சொல்லாமல் இழுத்தால், என் இடத்தில் ஓடக்கூடிய இன்னொருவருக்குப் பயிற்சி செய்ய நேரம் இல்லாமல் போகும். அணிக்காகத் தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அணியையே இக்கட்டில் மாட்டிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

ஜப்பானில் இரண்டு நிகழ்வுகள் இதை எல்லாருக்கும் உறைக்கும்படி காட்டின. 2014 ஹக்கோனே எகிடெனில் யாமானாஷி ககுயின் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது ஓட்டக்காரர் எனோக் ஓம்வாம்பா, காலெலும்பு முறிவால் பாதி வழியில் விலக நேர்ந்தது. அவருக்குப் பின் எட்டுப் பேர் ஓடினார்கள். ஆனாலும் அணிக்குத் தரவரிசை இல்லை.

2018 அக்டோபர் 21ஆம் தேதி நடந்தது இன்னும் கடுமையானது. ஃபுக்குவோக்காவில் நடந்த மகளிர் நிறுவன எகிடென் தகுதிச்சுற்றில், இவாத்தானி அணியின் 19 வயது ரெய் இடா 3.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். முடியும் தறுவாயில் விழுந்தார். வலக்கால் எலும்பு முறிந்திருந்தது. எழ முடியாத அவர், 200 மீட்டருக்கு மேல் சாலையில் தவழ்ந்தே போனார். முழங்கால்கள் இரண்டிலும் ரத்தம் வழிந்தது. அடுத்தவரிடம் பட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அவரை நிறுத்தச் சொல்லிப் பயிற்றுநர் கேட்டுக்கொண்ட செய்தி, பாதையில் இருந்த அதிகாரியிடம் தாமதமாகவே சேர்ந்தது. மெய்சிலிர்க்கும் மன உறுதி என்று ஒரு சாராரும், இதைத் தடுத்திருக்க வேண்டும் என்று இன்னொரு சாராரும் ஜப்பான் முழுதும் வாதிட்டார்கள்.

அந்தக் காணொளியைப் பார்க்கும்போது என் கண்ணிலும் நீர் வந்தது. ஆனால், தவழ்ந்த பெண்ணைப் பாராட்டுவதோடு நிறுத்திவிட்டால், அடுத்து வருபவரும் தவழ வேண்டும் என்று சொல்வதாகிவிடும். 19 வயதுப் பெண் ஒருத்தி, நின்றால் எல்லாரையும் ஏமாற்றியதாகிவிடும் என்று அஞ்சும் நிலையில் தனியாக விடப்பட்டாள். எப்போது நிற்கலாம் என்பதை ஓடுபவர் மட்டும் முடிவு செய்யும்படி விட்டால், பெரும்பாலானவர்கள் நிற்கமாட்டார்கள்.

முன்கூட்டியே ஓர் உடன்பாடு

அண்ணனும் நானும் அணியில் உள்ள மற்ற இருவரும் ஒரு சனிக்கிழமை ஓட்டம் முடிந்து, உணவங்காடி நிலையத்தில் புரோட்டாவும் தே தாரிக்கும் வைத்துக்கொண்டு பேசினோம். கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாள்காட்டியைக் காட்டியே சொன்னேன். ஒரு மணி நேரத்தில் நான்கு முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, இரண்டு சுற்று ஓடுவதில்லை. 8.6 கிலோமீட்டரை அணியின் இளையவரான பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஏற்றார். "அக்கா, நீங்க ஒரு சுத்து ஓடுங்க, போதும். நான் ரெண்டு ஓடுறேன். எனக்கும் அது ஆசைதான்," என்றார். இத்தனை நாள் என் இடம் அவருக்கு வழிவிடாமல் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது, மாற்று ஆள். கழகத்தில் 52 வயதான அக்கா ஒருவர் இருக்கிறார். வேகம் குறைவு, ஆனால் ஒரு நாளும் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. அவர் பெயரை மாற்று வீரராகப் பதிந்தோம். பந்தய நாள் காலையில் அவரும் காலணி மாட்டி, உடலைச் சூடேற்றித் தயாராக நிற்பார்.

மூன்றாவது, முடிவெடுக்கும் நாள். பந்தயத்துக்கு ஏழு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: நிற்காமல் 30 நிமிட ஓட்டம், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறை உயர்த்துவது, ஓடிய மறுநாள் காலை வலி 2ஐத் தாண்டாமல் இருப்பது. ஒன்றில் தவறினாலும் அக்காதான் ஓடுவார். பந்தய நாள் காலையில் முடிவெடுப்பதில்லை. அன்று எல்லாருக்கும் கால் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

நான்காவது முடிவை அண்ணன் சொன்னார். "ஓடும்போது வலி அஞ்சுக்கு மேல போனா நடம்மா. சுருக்குன்னு குத்தினா நின்னுடு. அது நீ எடுக்கிற முடிவு இல்ல. இப்பவே நாங்க நாலு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம்."

எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சை அந்தச் சொற்கள்தான்.

ஒரு சுற்று

மூன்று சோதனைகளிலும் தேறினேன். ஒற்றைக் கால் சோதனையில் 21. வலது காலில் 29 முடிகிறது என்பதையும் குறித்துக்கொண்டோம்.

ஜூலையின் அந்த ஞாயிறு காலை 6.45 மணிக்கு ஓட்டம் தொடங்கியபோது வானம் இன்னும் வெளுக்கவில்லை. முதல் சுற்றில் அண்ணன் 25 நிமிடம். இரண்டு சுற்றையும் மாணவர் 41 நிமிடத்தில் முடித்தார். கடந்த ஆண்டு எனக்கு அதே தூரத்துக்கு 45 நிமிடம் ஆனது. நனைந்து கனத்த மஞ்சள் பட்டையை என் தோளில் மாட்டிவிட்டு, "மெதுவா போங்கக்கா," என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

காயத்திலிருந்து மீள்பவருக்கு அஞ்சல் ஓட்டத்தின் மிக ஆபத்தான இடம், பட்டை கைக்கு வந்த முதல் 500 மீட்டர். சுற்றிலும் கூச்சல், முன்னே ஆள், பின்னே ஆள். பயிற்சியில் இல்லாத வேகம் தானாக வந்துவிடும். அதைத் தடுக்க, முதல் கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுவது என்று முன்னரே பேசி வைத்திருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓடினேன். ஆறு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருவர் பத்து வயதுச் சிறுவன்.

மூன்றாம் கிலோமீட்டரில் நாண் பேசத் தொடங்கியது. 2. சற்று நேரத்தில் 3. ஐந்துக்கு இன்னும் இரண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்ததால், நிற்க வேண்டுமோ என்ற பயமே எழவில்லை. காலடியைக் கொஞ்சம் குறுக்கி, அடிகளை விரைவாக்கினேன். அப்படிச் செய்தால் ஒவ்வோர் அடியிலும் நாணுக்கு விழும் சுமை குறையும். வலி 3லேயே நின்றது. 27 நிமிடம் 40 வினாடியில் பட்டையைக் கழற்றி, தாதியாக வேலை செய்யும் எங்கள் நான்காவது ஆளிடம் கொடுத்தேன். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்த அவர் 24 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

மொத்தம் 1 மணி 57 நிமிடம் 40 வினாடி. 18 அணிகளில் 11ஆவது இடம். கடந்த ஆண்டு 9ஆவது. மறுநாள் காலை, பதினோர் அடிக்கு வலி 2. அதற்கடுத்த நாள் 1.

மாற்று ஆளாக நின்ற அக்கா அன்று ஒரு மீட்டர்கூட ஓடவில்லை. பந்தயம் முடிந்ததும் தனியாக ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார். பின்னர் நடந்த கழகக் கூட்டத்தில், இனி ஒவ்வோர் அணியும் மாற்று ஆளுடன்தான் பதிய வேண்டும் என்று முடிவானது. அடுத்த ஆண்டு எங்கள் அணியில் முதல் சுற்று அவருக்குத்தான்.

காயத்திலிருந்து மீண்டு அணியில் ஓடுபவர்கள் கவனிக்க

முதலில் எந்தக் காயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன வலி அளவுகோல் நாண் பாதிப்புக்கு உரியது. எலும்பில் விரிசல் இருந்தால் அது செல்லாது. எலும்பில் ஓரிடத்தில் அழுத்தினால் சுருக்கென்று வலித்தால், நடக்கும்போதும் இரவில் படுக்கும்போதும் வலி நீடித்தால், ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

குதிகாலில் 'டப்' என்ற சத்தமோ, பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோன்ற உணர்வோ ஏற்பட்டு, முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நாண் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். குடும்பவழி வரும் மிகை கொழுப்பு உள்ள சிலருக்குக் குதிகால் நாணில் கொழுப்புப் படிந்து தடிப்பதும் உண்டு. ஓடாதவருக்கே குதிகால் நாண் தடித்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

'சிப்ரோஃபிளாக்சசின்' போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். அவற்றை உட்கொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கடும் ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டாம்.

தேசிய சேவையாளர்கள் உடலுறுதித் தேர்வு நெருங்குகிறது என்பதற்காக 2.4 கிலோமீட்டரை அவசரமாக வேகப்படுத்த வேண்டாம். நாணைப் பொறுத்தவரை தூரத்தைவிட வேகம்தான் பெரிய சுமை. முதலில் தூரம், பிறகு வேகம், கடைசியில் மேடு.

அணித் தலைவர்களுக்கு ஒன்று. காயமுள்ளவரிடம் "முடியுமா?" என்று மட்டும் கேட்டால், "முடியும்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை நிமிடம் ஓடினாய், மறுநாள் காலை எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். மாற்று ஆளையும் முடிவெடுக்கும் நாளையும் எழுதி வையுங்கள். நின்றால் தவறில்லை என்பதை, பட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.